வயதுவாரியாக எண்ணுவோம்

(காட்டுப்பள்ளி வட்டாரத்தின் தொழிலாளர், மீனவர் குடும்பங்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "இது வந்தால் பிழைப்போமா?" அந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல முயன்றவர்கள் ஒரே காலத்தில் இரண்டு விடைகள் சொன்னார்கள். 2020 நவம்பர் கடைசியில் தமிழ்நாட்டில் பரிசோதனையில் உறுதியான தொற்று ஏறத்தாழ 7.8 லட்சம், இறப்பு ஏறத்தாழ 11,700. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றரை. அதே ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழ்நாட்டு மக்களின் ரத்தத்தைச் சோதித்து நடத்திய ஆய்விலிருந்து வந்த விடை 0.052 விழுக்காடு. அதாவது பத்தாயிரம் பேருக்குத் தொற்றினால் ஐந்து பேர். இரண்டுக்கும் ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம்!

இரண்டு கணக்கிலும் கூட்டல் பிழை கிடையாது, வகுத்தல் பிழை கிடையாது. ஆனாலும் கேள்வி கேட்டவருக்கு இரண்டுமே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் கேட்டவர் இருபத்தைந்து வயது வெல்டராக இருக்கலாம், எழுபது வயது மீனவத் தாயாக இருக்கலாம். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: ஒரு நோய் எத்தனை பேரைக் கொல்லும் என்பதை வயதுவாரியாகச் சொன்னால்தான் அந்த எண் யாருக்காவது பயன்படும், அப்படிச் சொல்ல, தொற்றியவர்களையும் இறந்தவர்களையும் வயதோடு எண்ணியாக வேண்டும். காட்டுப்பள்ளி போன்ற தொழில் வட்டாரத்தில் அந்த எண்ணிக்கை எங்கெல்லாம் நழுவுகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

ரத்தம் சொல்லும் கணக்கு

இறப்பு விகிதம் ஒரு பின்னம். மேலே இறந்தவர்கள், கீழே தொற்றியவர்கள். முதலில் கீழே உள்ள எண்ணைப் பிடிப்போம், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரியாதது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் மட்டுமே அரசுப் பட்டியலில் ஏறினார்கள். இரண்டு நாள் தலைவலியோடு வேலைக்குப் போனவர், ஒன்றுமே தெரியாமல் கடந்துபோனவர், கூலி போய்விடுமே என்று சொல்லாமல் இருந்தவர், இவர்கள் யாரும் பட்டியலில் இல்லை. ஆனால் அவர்கள் உடல் அதைக் குறித்து வைத்திருந்தது. கிருமி நுழைந்த இரண்டு மூன்று வாரங்களில் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, உருவாகிறது. நோய் போன பிறகும் அது பல மாதம் தங்கும். பொதுமக்களில் ஒரு கூட்டத்தைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்து அவர்கள் ரத்தத்தில் அதைத் தேடினால், ஊரில் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கும் என்று மதிப்பிடலாம். செய்தித்தாள்கள் செரோ சர்வே என்று எழுதியது இதைத்தான்.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூலை இரண்டாம் பாதியில் சென்னை மாநகராட்சியும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் 12,405 பேரைச் சோதித்தன. அந்த நிறுவனம் எங்கோ டெல்லியில் இல்லை. நம் மாவட்டத்து அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது. 2,673 பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. நூற்றுக்கு 21.5. ஆனால் தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2, மாதவரத்தில் 7.1. ஒரே மாநகரத்துக்குள், ஒரே மாதத்தில், ஆறு மடங்கு வித்தியாசம். நெருக்கமான வீடும் நெருக்கமான பிழைப்பும் இருந்த இடத்தில் கிருமி முதலில் பாய்ந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் தடத்தில் தினமும் போய் வரும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கணக்கை நகரம் முழுமைக்கும் விரித்தால் ஏறத்தாழ 15 லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கும். அன்று அரசுப் பட்டியலில் இருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம். ஜூலை முடிவில் பதிவான இறப்பு ஏறத்தாழ 2,100. பட்டியலால் வகுத்தால் நூற்றுக்கு இரண்டுக்கு மேல். ரத்தக் கணக்கால் வகுத்தால் ஆயிரத்துக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைவு. மேலே உள்ள எண் மாறவில்லை. கீழே உள்ள எண் மாறியதும் நோயின் தோற்றமே மாறிவிட்டது.

கீழே உள்ள எண்ணின் பொறிகள்

இந்தக் கீழ் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, யாருடைய ரத்தம் என்பது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில் ஒரு ஆய்வு நடந்தது. ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து வந்தவர்களை எடுத்தார்கள். காய்ச்சல் வந்து சோதனை கிடைக்காமல் தவித்தவர்கள்தான் அப்படிப்பட்ட அழைப்புக்கு முதலில் ஓடி வருவார்கள் என்ற கண்டனம் உடனே எழுந்தது. நான் முதலில் சொன்ன தமிழ்நாட்டு ஆய்வு அப்படி நடக்கவில்லை. பொது சுகாதாரத் துறை மாவட்டந்தோறும் மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுப்புகளைப் பிரித்து, ஒவ்வொரு தொகுப்பிலும் முப்பது பேர் என்று எடுத்து, மாநிலம் முழுவதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தது. அதனால்தான் நீலகிரியில் 11.1 விழுக்காடு, பெரம்பலூரில் 51 விழுக்காடு என்று மாவட்ட வாரியாகவே பார்க்க முடிந்தது.

இரண்டாவது பொறி, சோதனைக் கருவியின் பிழை. அதே சாண்டா கிளாராவில் 3,330 பேரில் 50 பேருக்கு எதிர்ப்பொருள் இருப்பதாகக் கருவி காட்டியது. நூற்றுக்கு ஒன்றரை. இப்போது யோசித்துப் பாருங்கள். தொற்றே வராத நூறு பேரில் ஒன்றரைப் பேருக்கு அந்தக் கருவி தவறாக 'உண்டு' என்று சொல்லுமானால், அந்த ஐம்பதும் பொய்யாகவே இருக்கலாம்! நோய் குறைவாகப் பரவியிருக்கும் இடத்தில் கருவியின் சின்னத் தவறு முழு விடையையும் விழுங்கிவிடும். இந்தியாவின் முதல் தேசிய ஆய்வு 2020 மே, ஜூன் மாதங்களில் நடந்தபோது பெரியவர்களில் 0.73 விழுக்காட்டினருக்குத்தான் தொற்றியிருந்தது. அதனால் 'உண்டு' என்று வந்த மாதிரிகளை வேறொரு கருவியால் இன்னொரு முறை சோதித்தார்கள்.

மூன்றாவது பொறி, காலம். எதிர்ப்பொருள் மெல்ல மெல்லக் குறையும். தமிழ்நாட்டின் முதல் ஆய்வில், அதாவது அந்த அக்டோபர், நவம்பர் ஆய்வில், 31.6 விழுக்காடு வந்தது. 2021 ஏப்ரலில் நடந்த இரண்டாவது ஆய்வில் 23 விழுக்காடுதான். இடைப்பட்ட மாதங்களில் நோய் வந்தவர்கள் வராதவர்களாக மாறிவிட முடியுமா? முடியாது. ரத்தத்தில் இருந்த அடையாளம் கருவியின் பார்வைக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த 23ஐ அப்படியே கீழ் எண்ணாக வைத்தால் நோய் இருப்பதைவிடக் கொடியதாகத் தெரியும். இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் நடந்த மூன்றாவது ஆய்வில் 66.2 விழுக்காடு, விருதுநகரில் 84, ஈரோட்டில் 37. அதற்குள் தடுப்பூசியும் வந்துவிட்டது. ஊசியால் வந்த எதிர்ப்பொருளும் நோயால் வந்த எதிர்ப்பொருளும் கலந்துவிட்ட பிறகு அந்த எண்ணைக் கொண்டு இறப்பு விகிதம் கணக்கிடுவது இன்னும் கடினம். ஆகவே தடுப்பூசிக்கு முன், முதல் அலையின் சூடு ஆறுவதற்குள் எடுத்த ரத்த மாதிரிகள் விலைமதிப்பற்றவை. அவற்றைக் கொடுத்த மக்களுக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது.

மேலே உள்ள எண்

இனி மேலே உள்ள எண்ணுக்கு வருவோம். மரணத்தை மறைக்க முடியாது, ஆகவே அந்த எண் சரியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2020 ஜூலை 22 அன்று நடந்ததை நினைவுகூருங்கள். தமிழ்நாட்டின் கொரோனா இறப்புப் பட்டியலில் ஒரே நாளில் 444 மரணங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. அவை அன்று நடந்தவை அல்ல. மார்ச் முதல் ஜூன் 10 வரை நடந்து, சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்தும் மாநிலப் பட்டியலில் ஏறாமல் போனவை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவை அமைத்ததால் அந்த 444 பேரும் கணக்குக்குள் வந்தார்கள். இப்படித் தேடிப் பார்க்கும் நேர்மைதான் மேல் எண்ணைக் காப்பாற்றும்.

மருத்துவமனைக்கே போகாமல் இறந்தவர்கள் இன்னொரு கணக்கு. 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 விழுக்காட்டுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. மீதிப் பேர் எதனால் இறந்தார்கள் என்று எந்த மருத்துவரும் சான்றளிக்கவில்லை. இதனால்தான் ஆய்வாளர்கள் வேறு வழியைக் கையாண்டார்கள்: காரணத்தை விடுங்கள், வழக்கமான ஆண்டுகளைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பாருங்கள் என்றார்கள். சென்னையின் இறப்புப் பதிவேடுகளை வைத்து அப்படி நடந்த ஆய்வு 2022இல் லான்செட் குழும இதழில் வெளிவந்தது. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் முடிய 25,990 பேர் கூடுதலாக இறந்திருப்பதாக அது மதிப்பிட்டது. அரசுப் பட்டியலில் அந்தக் காலத்தில் சென்னைக்கு ஏறத்தாழ எட்டாயிரம். கூடுதல் மரணம் எல்லாமே கொரோனா என்று சொல்ல முடியாது. ஊரடங்கில் டயாலிசிஸ் கிடைக்காமல் இறந்தவரும் அதில் இருப்பார். ஆனாலும் இடைவெளி பெரிது. பத்தாயிரத்துக்கு ஐந்து என்று வந்த விடையில் மேல் எண் குறைவாக இருந்திருக்கும் என்பதை இது உரக்கச் சொல்கிறது.

வயது என்னும் ஏணி

கீழ் எண்ணும் மேல் எண்ணும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. இப்போது இரண்டையும் வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும். பொருளியலாளர் ஆண்ட்ரூ லெவினும் அவருடைய குழுவினரும் 2020இல் பல நாடுகளின், பெரும்பாலும் வசதியான நாடுகளின், எதிர்ப்பொருள் ஆய்வுகளைத் திரட்டி ஒரு வரைபடம் கொடுத்தார்கள். தொற்றியவர்களில் இறப்பவர் 10 வயதில் 0.002 விழுக்காடு, 25 வயதில் 0.01, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15. வயது பத்து கூடினால் ஆபத்து ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஏறுகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட மூன்றரை மடங்கு உயரமான ஏணி இது.

இந்த ஏணியை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓர் ஊரில் பத்தாயிரம் பேருக்குத் தொற்றுகிறது. அதில் 9,500 பேர் இருபத்தைந்து வயதுத் தொழிலாளர்கள், 500 பேர் எழுபத்தைந்து வயதுப் பெரியவர்கள். இளையவர்களில் ஒருவர் இறப்பார், முதியவர்களில் 23 பேர் இறப்பார்கள். மொத்தம் 24. விகிதம் 0.24 விழுக்காடு. பக்கத்து ஊரிலும் பத்தாயிரம் பேருக்குத்தான் தொற்றுகிறது. ஆனால் அங்கே இளையவர் 8,000, முதியவர் 2,000. இளையவர்களில் மறுபடியும் ஒருவர். முதியவர்களில் 92 பேர். விகிதம் 0.93 விழுக்காடு. கிருமி ஒன்றுதான், வயதுக்கான ஆபத்தும் ஒன்றுதான். சராசரி மட்டும் நான்கு மடங்கு மாறிவிட்டது. முதல் ஊரைப் பார்த்து "இங்கே நோயின் வீரியம் குறைவு" என்று ஒருவர் சொன்னால், அந்த ஊரின் ஐந்நூறு பெரியவர்களையும் அவர் கைவிடுகிறார் என்று பொருள்.

காட்டுப்பள்ளி வட்டாரம் அந்த முதல் ஊரைப் போன்றது. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வெளிமாநிலங்களிலிருந்து வந்து கேம்ப்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே கடலையும் கழிமுகத்தையும் நம்பி வாழும் குப்பங்களில் பாட்டிகளும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். மொத்தச் சராசரி இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கரைத்து, பெரியவர்களின் ஆபத்தை இளைஞர்களின் எண்ணிக்கைக்குள் ஒளித்துவிடும்.

தமிழ்நாட்டின் முதல் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 40 முதல் 49 வயதினரில் 31.6 விழுக்காட்டினருக்குத் தொற்றியிருந்தது. 70 வயதைக் கடந்தவர்களில் 25.8. வேலைக்குப் போகிறவர்கள் முதலில் தொற்றுக்கு ஆளானார்கள். வீட்டுப் பெரியவர்களைக் குடும்பங்கள் ஓரளவு பாதுகாத்திருக்கலாம். இதைக் கவனிக்காமல் பெரியவர்களின் இறப்பை மாநிலச் சராசரியான 31.6ஆல் வகுத்தால், அவர்களுக்கு உள்ள ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். எனவே இறந்தவர்களை மட்டும் வயதுவாரியாகப் பிரித்தால் போதாது. தொற்றியவர்களையும் அப்படியே பிரிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். முப்பது பேர் கொண்ட தொகுப்பில் எழுபதைக் கடந்தவர் ஒருவரோ இருவரோதான் அகப்படுவார். ஆபத்து மிக அதிகமாக இருக்கும் வயதில்தான் நம் அளவீடு மிக மெலிதாக இருக்கிறது. சிறுவர்களைப் பற்றியோ, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்த அந்த ஆய்வால் எதையும் சொல்ல முடியாது.

வெளிநாட்டு ஏணியை அப்படியே நம் சுவரில் சாய்த்துவிடவும் முடியாது. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தரவுகளை வைத்து ஆய்வாளர் ரமணன் லட்சுமிநாராயண் குழுவினர் எழுதிய ஆய்வு 2020இல் சயன்ஸ் இதழில் வந்தது. அன்றைய நம் சுகாதாரத் துறைச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணனும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். பரிசோதனையில் உறுதியானவர்களில் இறந்தவர் 5 முதல் 17 வயதுக்குள் 0.05 விழுக்காடு, 85ஐத் தாண்டியவர்களில் 16.6. ஏணி இங்கேயும் செங்குத்துதான். ஆனால் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் பாதிப்பும் இறப்பும் நம் பக்கம் இன்னும் இளைய வயதினரிடம் திரண்டிருந்தன. ஐம்பது வயதிலேயே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகையும் தூசியும் தின்ற நுரையீரல் என்று உடம்பு தளர்ந்துவிடும் இடத்தில், ஐம்பது என்பது வேறு நாட்டின் அறுபதாக இருக்கக்கூடும். அனல்மின் நிலையங்களின் சாம்பல் குட்டைகளுக்கும் நிலக்கரிக் குவியல்களுக்கும் அருகில் வாழும் நீங்கள் இந்த வரியை மறக்காதீர்கள்.

எல்லா நோய்க்கும் ஏணி ஒரே பக்கம் ஏறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சலான இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இருபது முதல் நாற்பது வயது வரையிலானவர்களை, உழைக்கும் வயதினரை, அது வழக்கத்துக்கு மாறாகக் குறிவைத்தது. இன்ஃப்ளூயன்சா கிருமியை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933இல்தான். அன்று ரத்தத்தில் தேட வழியில்லை. நாளை அப்படியொரு நோய் வந்தால் முதலில் வெறுமையாவது நம் கேம்ப்களாகத்தான் இருக்கும். போன முறை இளைஞர்கள் தப்பினார்கள் என்பதற்காக அடுத்த முறையும் தப்புவார்கள் என்று இருந்துவிட முடியாது. வயதுவாரியாக அளந்தால்தான் ஆபத்து எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது முதல் சில வாரங்களிலேயே தெரியும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே நான் சில கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். அடுத்த எதிர்ப்பொருள் ஆய்வு எந்த நோய்க்காக நடந்தாலும், தொழிலாளர் கேம்ப்கள் தனித் தொகுப்பாக அதில் இடம்பெற வேண்டும். வீட்டுப் பட்டியலை வைத்து ஆள் எடுக்கும் ஆய்வில், ரேஷன் அட்டையும் நிலையான முகவரியும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி எளிதாக விடுபட்டுப் போவார். அறுபதைக் கடந்தவர்களை அவர்களுடைய விகிதத்துக்கும் கூடுதலாகச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பிறகு எடையிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். மாவட்டக் கணக்கோடு நிற்காமல், வயதுக் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

இறப்புப் பதிவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சட்டப்படி ஒரு மரணம் அது நடந்த இடத்தில்தான் பதிவாகிறது. காட்டுப்பள்ளியில் தொற்றிக்கொண்டு, ஊருக்குத் திரும்பி, பீகாரிலோ ஒடிசாவிலோ இறந்த தொழிலாளியின் மரணம் அங்கேதான் எழுதப்படும். அவருடைய ரத்தம் நம் கீழ் எண்ணில் இருக்கும்; அவருடைய உயிர் நம் மேல் எண்ணில் இருக்காது. வேலை கொடுக்கும் நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் தொழிலாளர் பதிவேட்டை வயதோடு வைத்திருந்து, ஊர் திரும்பியவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று சில மாதங்கள் விசாரித்துப் பதிந்தால் இந்த ஓட்டை அடைபடும். இது செலவு பிடிக்கும் வேலை அன்று. அக்கறை இருந்தால் ஒரு தொலைபேசி போதும்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. வீட்டில் ஒரு பெரியவர் இறந்தால், "ஒரு அறுபது இருக்கும், எழுபது போட்டுக்கோங்க" என்று சொல்லிவிடுகிறோம். வயது அறுபதிலும் எழுபதிலும் குவிந்து கிடக்கும் பதிவேட்டை வைத்து ஏணியின் படிகளைச் சரியாக அளக்க முடியாது. ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ பார்த்துச் சரியான வயதைச் சொல்லுங்கள். முடிந்தவரை மருத்துவரிடம் காரணச் சான்று வாங்குங்கள். ரத்தம் கேட்டு வரும் சுகாதாரப் பணியாளரிடம், எதற்காக எடுக்கிறீர்கள், முடிவை எப்போது எங்களுக்குச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். கேட்டுத் தெளிந்த பிறகு கையை நீட்டுங்கள். அந்த ஐந்து மில்லி ரத்தத்தில் உங்கள் வயதுக்காரர் ஆயிரக்கணக்கானோருக்கு உரிய பதில் இருக்கிறது.

தடுப்பூசி முதலில் யாருக்கு, ஆக்சிஜன் படுக்கை எந்த ஊருக்கு எத்தனை, ஆலையை எப்போது மூடுவது, எப்போது திறப்பது, வீட்டில் யாரைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்வது ஆகிய எல்லா முடிவுகளும் வயதுவாரியான இந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன. எண் தவறினால் முடிவு தவறும். முடிவு தவறினால் உயிர் போகும். சராசரியைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த வருகிறவர்களிடம், "எங்கள் வயதுக்கு எத்தனை? எங்கள் ஊரில் எண்ணினீர்களா?" என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுடையது. பதில் சொல்லும் கடமை அரசுக்கும் நிறுவனங்களுக்கும் என்னைப் போன்ற கணக்குக்காரர்களுக்கும் உரியது.